ஆறுமுகநயினாரின் ஐந்தடி காலா

பொங்கல் கழிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காயல்துறை ஞாயிறு தூண்டில் சங்கத்தின் உறுப்பினர்கள் தாங்கள் பிடித்த காலா மீன்களின் நீளத்தைக் காட்டுவதற்காக விரித்த கைகள் விரித்தபடியே நின்றுபோயின. ஆனால் அங்கே எல்லாரும் முதலில் கவனித்தது, தட்டில் உளுந்தவடை ஆறிக்கொண்டிருக்கிறது, யாருமே எடுக்கவில்லையே என்பதைத்தான். வடை சுட்டுக் கொண்டுவந்தவர் சங்கத் தலைவர் ஆறுமுகநயினாரின் மனைவி சண்பகவல்லி.

"என்ன, உப்பு கூடிப்போச்சா?" என்று கேட்டார்.

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கும். கை வர மாட்டேங்கு" என்றார் தலைவர்.

"வராட்டா போட்டும். வாயைத் தொறங்க" என்று சண்பகவல்லி மதினி ஒரு வடையைப் பிட்டு அவர் வாயில் வைத்தார். அதைப் பார்த்து மற்ற மனைவிமாரும் எழுந்து போய் அவரவர் புருஷனுக்கு ஊட்டினார்கள். அன்றைக்கு நடந்தது அவ்வளவுதான்.

நான் சவுந்தரம், கடைத்தெருவில் தையற்கடை வைத்திருக்கிறேன். இடுப்பளவில் பொய் சொல்லாத ஆண்பிள்ளை என் கடைப் படி ஏறியதில்லை. டேப்பைச் சுற்றியதும் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு, சட்டை தைத்துக் கொடுத்த பிறகு பட்டன் போட முடியவில்லை என்று என்னிடமே சண்டைக்கு வருவார்கள். அதனால் இவர்கள் கை நின்றுபோனதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை, இத்தனை காலம் நிற்காமல் இருந்ததே என்பதில்தான் ஆச்சரியம்.

இந்தச் சங்கத்துக்காரர்கள் மீனவர்கள் இல்லை. மோட்டார் பம்புக் கடை, பல் ஆஸ்பத்திரி, ரைஸ்மில், இன்சூரன்ஸ் என்று வாரம் முழுக்கக் கரையில் பிழைப்பவர்கள். ஞாயிறு விடிந்ததும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பெண்டாட்டி நகையைப் போலப் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் ரீலையும் ராடையும் எடுத்துக்கொண்டு, சின்னச் சின்ன வள்ளங்களில் ஏறி, ஆறு கடலில் விழுகிற இடத்துக்குப் போய், காலா மீனுக்குத் தூண்டில் போடுவார்கள். காலா என்பது வெள்ளி வெளேரென்று, மோவாய்க்குக் கீழே நூல் நூலாக மீசை வைத்துக்கொண்டு, தூண்டிலில் பட்டால் தண்ணீருக்கு மேலே எகிறிக் குதித்து ஆளைப் பைத்தியமாக்குகிற மீன். பிடித்த மீனைத் திரும்பக் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது சங்கத்தின் முதல் விதி. இதைக் கேட்டு மீனவத் தெருப் பெண்கள் ஒரு வாரம் வேலை ஓடாமல் சிரித்தார்கள்.

இரண்டாவது விதி, டேப், தராசு, செல்போன் மூன்றும் வள்ளத்தில் ஏறக்கூடாது. நம்பிக்கையே சங்கத்தின் அஸ்திவாரம் என்று போர்டிலேயே எழுதி வைத்திருந்தார்கள். கரைக்கு வந்ததும் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒருவர் பின் ஒருவராகக் கையை விரித்து அளவு சொல்ல வேண்டும். முன்னால் சொன்னவரைவிட நாலு விரற்கடையாவது கூடச் சொல்லாவிட்டால் அடுத்த வாரம் அவருக்கு வடை கேட்டு வாங்கவே கூச்சமாக இருக்கும். தலைவர்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும் என்பது மரபு. இப்படி ஒரு மரபு வைத்துக்கொண்டு உண்மை பேசுகிறவனைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

தலைவர் ஆறுமுகநயினார் ஒரு வருஷத்துக்கு முன்னால் சொன்னது ஐந்தடி. கைகளை இரண்டு பக்கமும் முழுக்க நீட்டி, விரல் நுனி நடுங்க நடுங்க, அந்தக் காலா எப்படி வள்ளத்தைச் சுற்றிச் சுற்றி இழுத்தது, எப்படித் தன்னை நிமிர்ந்து பார்த்தது, எப்படித் தான் அதன் நெற்றியில் முத்தம் கொடுத்து "போ மக்கா, ஒங்க ஆத்தா தேடுவா" என்று தண்ணீரில் விட்டார் என்று அவர் சொல்லக் கேட்டு ரைஸ்மில்காரர் அழுதுவிட்டார். அப்புறம் அந்த மீன் ஊர் ஊராகப் போயிற்று. சலூனில் கேட்டேன், பஸ்ஸில் கேட்டேன், என் கடையில் ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தவர்கள்கூடச் சொன்னார்கள். பக்கத்து ஊர் பனைவிளையில் பெயிண்ட் கடை வைத்திருந்த, அந்த ஊர்த் தூண்டில் சங்கத்துக்குத் தலைவரான தெய்வநாயகம் இதைக் கேட்டுவிட்டு, ஐந்தடி காலாவைப் பிடித்தும் மனசார விட்டுக்கொடுத்த மனுஷன் வீட்டில்தான் பெண் எடுப்பேன் என்று, தன் மகன் சுந்தரவேலுக்கு நயினாரின் ஒரே மகள் கோமதியைக் கேட்டு வந்தார்.

கைகள் நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை, கல்யாணத்துக்கு நாள் குறிக்க அவர் வந்திருந்த நாள். விருந்தாளி என்று அவரையும் வட்டத்தில் உட்காரவைத்து அளவு கேட்டார்கள். "நமக்கென்ன, காலையில எங்க ஊர்ல ஒரு ரெண்டடிதான்" என்று அடக்கமாகச் சொன்னார். "சம்பந்தி, அந்த அஞ்சடிய ஒருக்க கண்ணால காட்டுங்க" என்று கேட்டதும் அவர்தான். நயினார் காட்டினார். கைகள் நின்றன. எல்லாரும் வாயைத் திறந்து வடை வாங்கிக்கொண்டிருந்தபோது, தெய்வநாயகம் மட்டும் மதினி வைத்திருந்த வாழைப்பழத் தாம்பாளத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, அவசர வேலை இருக்கிறது என்று எழுந்துவிட்டார். கார்க் கதவை டிரைவர் திறந்துவிட்டான்.

கை நின்றவர்களில் இன்னொருவர் தலைவருக்கு வள்ளம் ஓட்டுகிற மிக்கேல். அவர் கை நின்றது வேறு தினுசு. எங்கள் கரையில் தொழில்காரர்கள் பட்டதைக் குறைத்துத்தான் சொல்வார்கள். கூடச் சொன்னால் கண் படும், மறுநாள் பத்து வள்ளம் அதே இடத்தில் வந்து நிற்கும். அன்றைக்கு யாரோ, "வலையில என்ன பட்டுது மிக்கேல்?" என்று கேட்டதற்கு, ஐஸ்பெட்டி நிறையச் சீலா மீனை வைத்துக்கொண்டு, "இத்துணூண்டு நெத்திலி" என்று இரண்டு உள்ளங்கையையும் நாலு விரல் இடைவெளிக்குக் கொண்டுவந்து காட்டியிருந்தார். அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு யாரைப் பார்த்தாலும் கும்பிடுகிற மாதிரியே இருந்ததால் அவருக்கு ஊரில் மரியாதை கூடி, மாதாகோயில் கமிட்டியில் எதிர்ப்பே இல்லாமல் எடுத்துக்கொண்டார்கள்.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள ரொம்ப நாள் ஆகவில்லை. கை விரித்தவர்கள் பக்கவாட்டில் திரும்பி வாசல் நுழையக் கற்றுக்கொண்டார்கள், பஸ்ஸில் கண்டக்டர் அவர்களை நடுவழியில் நிற்கவைத்துக் கம்பிக்குப் பதிலாக அவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளும்படி மற்றவர்களுக்குச் சொன்னார், பள்ளிக்கூடப் பையன்கள் அவர்களைக் கோல்போஸ்ட் ஆக்கினார்கள், மழை வரும்போல் இருக்கிற நாட்களில் மனைவிமார் அவர்களைச் சும்மா விடாமல் வராந்தாவில் நிற்கவைத்து ஆளுக்கு ஒரு சேலை காயப்போட்டார்கள். நான் தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் பிரித்து மாட்டுகிற பிரஸ் பட்டன் சட்டை தைத்துக் கொடுத்தேன்; நல்ல வியாபாரம். படுக்கை, குளியல், அதற்கப்புறம் உள்ள சங்கதிகளை எல்லாம் நான் எழுத மாட்டேன், அவர்கள் மனைவிமாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சிரித்து முடித்த பிறகு சொல்வார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று என்று ஒருத்தரும் ஆராயவில்லை. ஆராய்ந்தால் மீனோடு நிற்குமா என்று எல்லாருக்கும் உள்ளூரப் பயம். என் கடைக்கு வந்தவர்கள் கொஞ்ச காலம் இடுப்பளவை அவர்களாகவே இரண்டு இஞ்ச் கூட்டிச் சொன்னார்கள்.

கை எப்படித் திரும்பும் என்று முதலில் கண்டுபிடித்தவர் பல் டாக்டர் ஜெபசிங். அவர் மீன் நாலடி. கையை நாலடிக்கு விரித்துக்கொண்டு யார் வாய்க்குள் போய்ப் பல் பிடுங்குவது? ஒருநாள் வெறுத்துப்போய் மனைவியிடம், "அது ஒண்ணரை அடிதான்" என்று சொன்னார், கை ஒரு விரற்கடை உள்ளே வந்தது. கம்பவுண்டரிடம் சொன்னார், இன்னொரு விரற்கடை வந்தது. பொய்யை யார் யாரிடம் சொன்னாரோ அத்தனை பேரிடமும் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அப்போதுதான் விளங்கியது. டாக்டருக்கு இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், மறுத்துப் பேச முடியாமல் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிற நோயாளிகளிடமெல்லாம் அந்த மீனைச் சொல்லியிருந்தார். வீடு வீடாகப் போய்ச் சொல்லி, ஒன்றரை அடிக்கு வந்ததும் கை சட்டென்று தளர்ந்து தொங்கியது. அன்று சாயங்காலமே மூன்று பேருக்குப் பல் பிடுங்கினார்.

அப்புறம் மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொல்லிக் கையைக் கீழே போட்டார்கள். ரைஸ்மில்காரர் மூன்றரையை முக்கால் ஆக்கினார். இன்சூரன்ஸ்காரர் தன் மீனின் உண்மையைச் சொல்லும்போது வேறு சில உண்மைகளையும் சேர்த்துச் சொல்லி வீட்டில் சோறில்லாமல் இரண்டு நாள் கிடந்தார். மிக்கேல் மட்டும், "சீலா இருக்க எடம் தெரிஞ்சு போவும், எனக்கு இந்தக் கும்பிடே போதும்" என்று சொல்லிவிட்டார். மிஞ்சியது நயினார். ஐந்தடிக்கு நீட்டிய கைகளோடு, சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி, கடைத்தெருவில் பக்கவாட்டில் நடந்து போவார், பக்கவாட்டில் நடந்து வருவார்.

கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுக்க என் கடைக்கு வந்தார். நான் அவர் சட்டை எல்லாவற்றிலும் உட்பக்கம் ஒரு சின்னப் பை வைத்துத் தைப்பது வழக்கம், எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ள. எதற்கு என்று கேட்டால் கண்ணு படாம இருக்க என்பார்.

"பட்டுச்சட்டைக்கும் எலுமிச்சம்பழப் பை வைக்கணுமா அண்ணாச்சி?"

"கல்யாண மண்டபத்துல எதுக்கு அது?" என்றார். கொஞ்சம் யோசித்து, "வச்சிரு" என்றார்.

"உண்மையச் சொல்லித் தொலைங்களேன். டாக்டர் சொல்லலியா?"

"அவரு மீனு நாலுல இருந்து ஒண்ணரைக்கு வந்துச்சு. எம் மீனு வர வேண்டிய தூரம் ரொம்ப சவுந்தரம்."

"எவ்வளவு தூரம்?"

அவர் கண்ணாடியில் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலை இறக்கி, "சம்பந்தி அந்த மீனப் பாத்துத்தான் பொண்ணு கேட்டு வந்தாரு. மீனு போனா கல்யாணமும் போயிரும். கோமதி அந்தப் பையன்கூட போன்ல பேசிச் சிரிக்கிறத நான் கேட்டுட்டேன். எம் பிள்ளை அப்பிடிச் சிரிச்சு நான் இதுவரைக்கும் கேட்டதில்ல பாத்துக்கோ" என்றார்.

"கையில்லாம எப்படித் தாரை வாப்பீங்க?"

"அதான் தெரியல" என்றார். பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கழுத்தளவு எடுக்கும்போது டேப்பைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன்.

தாரை வார்ப்பது என்றால், பெண்ணின் கையை அப்பா தன் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துப் பிடித்துக்கொள்ள, அம்மா மேலே தண்ணீர் ஊற்ற, அப்படியே கொண்டுபோய் மாப்பிள்ளை கையில் கொடுப்பது. ஐந்தடி தள்ளித் தள்ளி நிற்கிற இரண்டு கைக்கு நடுவில் ஒரு முழுப் பெண்ணையே நிறுத்தலாம், அவள் கையைப் பிடிக்க முடியாது. கோமதி பிசியோதெரபிஸ்ட். தினமும் அப்பாவின் தோளுக்கு எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, இழுத்துப் பார்த்து, மடக்கிப் பார்த்து, "எலும்பும் நல்லாருக்கு, தசையும் நல்லாருக்கு. இது எங்க பாடத்துல இல்லப்பா" என்று சொல்லிவிட்டாள். நயினாரின் அண்ணன் தாரை வார்க்கட்டும் என்று உறவுக்காரர்கள் பேசினார்கள். அதற்கு அவள் ஒரே போடாகப் போட்டாள்: "பெரியப்பா கை எப்படியிருக்கும்னே எனக்குத் தெரியாது. எங்கப்பா கையில இருந்துதான் போவேன். இல்லன்னா நான் போவல."

ஆக, நயினார் சொன்னால் கல்யாணம் போய்விடும், சொல்லாவிட்டாலும் கல்யாணம் போய்விடும். சொல்வதென்றாலும், அந்த மீனைக் கேட்ட அத்தனை பேரும் ஒரே இடத்தில் கூடுவது கல்யாண மண்டபத்தில் மட்டும்தான்.

கல்யாணத்தன்று மண்டபத்தின் இரட்டைக் கதவுகளையும் திறந்துவைத்து, நயினாரை வாசலில் நேராகவே நிறுத்தினார்கள். வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கு விஷயம் தெரியாது. இப்படி இரண்டு கையையும் விரித்து வாங்க வாங்க என்று வரவேற்கிற பெண் வீட்டுக்காரரை நாங்கள் எங்கேயும் பார்த்ததில்லை என்று உருகிப்போனார்கள். மாப்பிள்ளையின் அப்பா தெய்வநாயகம், சீர்த் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு வந்தார். யாரோ வாங்கிக்கொள்ளப் போனதற்கு, "வேணாம் வேணாம், இது நம்ம கவுரவம், நானே வச்சிக்கிடுதேன்" என்று மேடை வரைக்கும் கொண்டுபோய், அங்கேயும் இறக்கவில்லை. பெரிய மனுஷன் தோரணை என்று நினைத்தோம்.

நான் மணப்பெண் அறையில் கோமதிக்கு ஜாக்கெட் ஊக்கு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். நயினார் பக்கவாட்டில் நுழைந்து வந்து, அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னப்பா இது, இன்னைக்குப் போயி மூஞ்சிய இப்படி வச்சிக்கிட்டு. எனக்கொண்ணும் வருத்தமே இல்ல, சந்தோசமாத்தான் போறேன்" என்று வளையல் குலுங்க வலது கையை வீசிச் சொன்னாள். அவரும் தலையாட்டினார்.

மணவறையில் முகூர்த்தம் நெருங்கியது. கோமதி பக்கத்தில் சுந்தரவேல், அவன் பக்கத்தில் தாம்பாளத்தோடு அவன் அப்பா, எதிரே செம்பில் தண்ணீரோடு சண்பகவல்லி மதினி. ஓதுவார் பதிகம் பாடி முடித்து, நயினாரைப் பார்த்து, "கைகளைச் சேருங்க ஐயா" என்றார்.

நயினார் மண்டபத்தை ஒருமுறை பார்த்தார். ஊரே இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்தக் காலா அஞ்சடி இல்ல" என்றார். "நாலரைன்னு வைங்களேன்."

கைகள் அரையடி உள்ளே வந்தன. இரண்டாம் பந்திக்கு எழுந்து போனவர்கள்கூடத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

"நாலு." கைகள் வந்தன. "மூணு... மூணுன்னு சொல்ல முடியாது, ரெண்டே முக்கால்."

"கூச்சப்படாதீங்க தலைவரே, முதல்லதான் வலிக்கும்" என்று பல் டாக்டர் குரல் கொடுத்தார். காய்கறிக் கடையில் பேரம் பேசுகிற மாதிரி ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் இறங்குங்க அண்ணாச்சி, பாத்துப் போட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி என்று நாலு பக்கத்திலிருந்தும் சத்தம். ரெண்டு. ஒண்ணரை. ஒண்ணு. ஒரு சாண். ஒரு சாணில் வந்து நின்று, நயினாருக்கு வியர்த்து ஒழுகியது.

ஒரு சாண் இடைவெளிக்குள் ஒரு பெண்ணின் கையை வைக்கலாம், பிடிக்க முடியாது.

"மிக்கேல், நீதான வள்ளம் ஓட்டுன, எவ்வளவு இருந்துச்சு அந்த மீனு?" என்று ரைஸ்மில்காரர் கத்தினார்.

"நான் ஒண்ணும் பாக்கல" என்றார் மிக்கேல். அவருடைய நாலு விரல் இடைவெளி எல்லார் கண் முன்னாலும் இரண்டு விரலாகக் குறைந்தது.

நயினார் மகளைப் பார்த்தார். அப்புறம் சம்பந்தியைப் பார்த்தார். அப்புறம் யாரையும் பார்க்காமல் சொன்னார்: "மீனே இல்ல. நான் தூண்டிலே போட்டதில்ல. எனக்குக் கடலே ஒத்துக்கிடாது. வள்ளம் கரைய விட்டு நவுந்ததும் தலை சுத்தும். எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டு அடியில படுத்துக் கண்ண மூடிக்கிடுவேன், மிக்கேல் திரும்பக் கரையில கொண்டாந்து விட்டப்புறந்தான் கண்ணத் தொறப்பேன். பன்னெண்டு வருசமா அப்பிடித்தான். காலா மீன நான் சட்டியில வெச்சுத்தான் பாத்திருக்கேன்."

இரண்டு உள்ளங்கைகளும் பட்டென்று சேர்ந்து, பிறகு சாதாரணக் கைகளைப் போல மடியில் விழுந்தன.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. எல்லாரும் தெய்வநாயகத்தைப் பார்த்தார்கள். அவர் தாம்பாளத்தோடு எழுந்தார். முகம் சிவந்திருந்தது. நயினார் கண்ணை மூடிக்கொண்டார், வள்ளத்தில் மூடிக்கொள்கிற மாதிரியே மூடியிருப்பார். கோமதி சுந்தரவேலைப் பார்த்தாள், அவன் தன் அப்பாவைப் பார்த்தான்.

"யாராவது இந்தத் தாம்பாளத்தக் கொஞ்சம் வாங்குங்க" என்றார் தெய்வநாயகம்.

வாங்கினார்கள். தாம்பாளம் போன பிறகும் அவர் கைகள் அதே அகலத்தில், இரண்டடிக்கு, காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றன.

"அது கெளுத்தி" என்றார். "ரெண்டடி இல்ல. விரல் நீளம். நான் பிடிக்கக்கூட இல்ல, செத்து மிதந்துச்சு." கைகள் விழுந்தன. தோள்பட்டையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, "அன்னையிலருந்து தாம்பாளத்தோடதான் தூங்குதேன் சம்பந்தி. பொண்டாட்டி பேசுததே இல்ல" என்றார்.

அப்புறம் மண்டபம் சிரித்த சிரிப்பில் மேளக்காரர்கள் கெட்டிமேளம் என்று நினைத்து அடித்துவிட்டார்கள். ஓதுவார் கையை ஆட்டி நிறுத்தச் சொல்ல வேண்டியதாயிற்று. தெய்வநாயகம் நயினாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்; இரண்டு பேருக்குமே கையைப் பிடிப்பது புதுசாக இருந்தது, விடாமல் குலுக்கிக்கொண்டே இருந்தார்கள். "எங்க வீட்டுக்கு வாங்க, கடலு வேணாம், கம்மாயில போடுவோம்" என்றார் தெய்வநாயகம். கல்யாணம் நின்றுபோகும் என்று பயந்து எத்தனை நாள் தூங்காமல் கிடந்தாரோ, நயினார் முகம் அப்படித் தெளிந்தது.

"முகூர்த்தம் போயிட்டிருக்கு" என்றார் ஓதுவார்.

நயினார் மகளின் வலது கையைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டார். மதினி தண்ணீர் ஊற்றினார். "மனமுவந்து தந்தேன்னு மூணு தடவை சொல்லுங்க" என்றார் ஓதுவார்.

"மனமுவந்து தந்தேன். மனமுவந்து தந்தேன். மனமுவந்து தந்தேன்" என்று நயினார் கணீரென்று சொன்னார்.

"இனி மாப்பிள்ளை கையில குடுங்க."

அவர் கொடுக்கவில்லை. பெற்ற மனசு, கொஞ்சம் பொறுங்கள் என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். செம்பில் தண்ணீர் தீர்ந்தது.

"என்னங்க, விடுங்க" என்றார் மதினி மெதுவாக.

"விட வரல" என்றார் நயினார்.

கைகள் மூடினது மூடினபடி நின்றிருந்தன. மீனுக்கு மட்டும்தான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தன் கையை இடுப்புக்குக் கீழே ஒளித்துக்கொண்டார்.

கோமதி குனிந்து அப்பாவின் விரல்களைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாத கையா. எலும்பும் சரி, தசையும் சரி.

"அப்பா, உண்மையச் சொல்லுங்க" என்றாள்.

நயினார் ஊர் முழுக்கக் கேட்கும்படி, சின்னப் பிள்ளை மாதிரி சொன்னார்: "எனக்கு மனசே இல்ல தாயி. பையன் நல்ல பையன்தான். ஆனா ஒன்னக் குடுக்க எனக்கு ஒரு துளிகூட மனசில்ல."

சொன்னதும் அவர் கைகள் விரிந்தன. வெறும் மீனுக்கு அவர் விரித்ததைவிட மெதுவாக, ஒவ்வொரு விரலாக விரிந்து, மல்லாந்த உள்ளங்கையாகி நின்றன. ஓதுவார் பெருமூச்சு விட்டார். மேளக்காரர் குச்சியைத் தூக்கினார். சுந்தரவேல் கையை நீட்டினான்.

கோமதியின் கை வரவில்லை. அப்பாவின் விரிந்த உள்ளங்கையில் அது அப்படியே ஒட்டிக்கொண்டு கிடந்தது. காலையில் வருத்தமே இல்லை என்று வளையல் குலுங்க வீசிச் சொன்ன அதே கை.

அவள் தன் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்புறம் அவள் முகம் கோணிக்கொண்டு வந்தது. மதினி காலிச் செம்பைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை எடுத்தார். சுந்தரவேல் நல்ல பையன், அவசரப்படுத்தவில்லை; நீட்டிய கையை மடக்காமல், அவள் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டிருந்தான்.